கோவிந்தனைக் கழித்த வாரம்

பிப்ரவரி 2, திங்கள்

பனி. ஏழரை வரை கொல்லிமலையைக் காணவில்லை. ஸ்கூட்டியை நிறுத்தி நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செய்ய வேண்டியவை:
– நான்காம் ஷெட் கோழி ஏற்றம். எண்ணிக்கை, லாரி எண், பதிவேடு
– கேஸ் சிலிண்டர் சொல்ல
– ரேஷன் (சர்க்கரை வந்துவிட்டதாம்)
– பயிற்சி மாற்ற, வெள்ளி காலைக்குள்

கடைசிக் காரியத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று தை முதல் தேதி முடிவு செய்திருந்தேன். நாற்பத்து நான்கு வயதுப் பொம்பளை, கோழிப்பண்ணை ஆபீசில் பதிவேடு எழுதுகிறவள், கைப்பேசியில் பேஸ்பால் அணி நடத்துகிறாள் என்பது நோட்டுக்காவது தெரியாமல் இருக்கட்டும் என்று. பதினெட்டு நாள் தாங்கியது. இப்போது அணியின் நிலைமை மோசம். மண்டைக்குள்ளேயே வைத்திருந்தால் குழப்பம்தான் மிச்சம். ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அணி: சேந்தமங்கலம் சேவல்கள். மகன் கொரோனா ஊரடங்குச் சமயத்தில் தொடங்கியது. கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போனதும் கைகழுவிவிட்டான். கேட்பாரற்றுக் கிடந்ததை நானும் வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டோம். நிஜ பேஸ்பால் ஆட்டத்தை இரண்டு பேருமே பார்த்தது கிடையாது. ஒரு வீடியோ பார்க்க உட்கார்ந்தோம், நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

ஆட்டத்தை நாம் ஆடுவதில்லை. கம்ப்யூட்டர் ஆடிக்கொள்ளும். ஆள் எடுப்பது, பழக்குவது, யார் எந்த இடத்தில் நிற்பது என்று எழுதிக் கொடுப்பது மட்டும் நம் வேலை. செவ்வாயும் சனியும் ஆட்டம். காலை ஆறரைக்கு முடிவு வந்துவிடும். வெள்ளி ஆறரைக்குப் பயிற்சியின் பலன் வரும், யாருக்கு எது ஏறியது, எது இறங்கியது என்று.

பயிற்சி என் பொறுப்பு. ஆளை இறக்குவது அவர் பொறுப்பு. அவர் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் டிரில்லர். இந்த வருடம் சத்தீஸ்கரில். ஒரு வாரத்துக்கு ஒரு திறமைக்குத்தான் பயிற்சி தர முடியும். அதுவும் அந்த வாரம் களத்தில் இறங்கியவனுக்குத்தான் ஏறும். ஆக, நான் யாரைப் பழக்குகிறேனோ அவனை அவர் இறக்க வேண்டும். பேசிக்கொள்ளாமல் நடக்காது.

வருடத்தில் எட்டு மாதம் வெளிமாநிலத்தில் இருக்கிற மனுஷரோடு தினமும் பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது? சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அங்க வெயிலா, வெயில். அதற்கு மேல் பேஸ்பால்தான். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நிலவரம்: பன்னிரண்டு அணியில் பத்தாவது. கடைசி இரண்டு அணி கீழ் லீக்குக்குப் போகும். மீதி நான்கு ஆட்டம்.

ரேஷனில் சர்க்கரை வரவில்லை. சொன்னவளைப் பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தோல்வி. 4–7.

மூன்று ஓட்டம் நம் ஆட்கள் கைநழுவ விட்டதால் வந்தது. கோவிந்தன் மட்டும் இரண்டு பந்து விட்டான்.

கோவிந்தன் நிஜப் பெயர் கோர்டன். ஆட்டமே பெயர் வைத்துத்தான் ஆளைத் தரும். எங்கள் வாய்க்கு நுழைகிற மாதிரி மாற்றிக்கொண்டோம். மார்வின் மாரி ஆனான். கோவிந்தன் நிற்பது ஷார்ட்ஸ்டாப், அதாவது பந்து அதிகம் வருகிற இடம். மூன்று வருடமாக அங்கே அவன்தான். அவருக்கு உயிர்.

இந்த ஆட்டத்தில் பத்து வாரம் ஒரு சீசன். சீசனுக்கு ஒரு வயது கூடும். முப்பத்து மூன்றைத் தாண்டினால் திறமை இறங்க ஆரம்பிக்கும். எங்கள் அணியில் ஒன்பது பேருக்கு முப்பத்து நான்கு. ஒருவனுக்குக்கூட ஒரு வயது முன்பின் இல்லை.

என் வேலைதான் இது. ஒளிக்க என்ன இருக்கிறது.

பண்ணையில் ஒரு ஷெட்டுக்கு ஒரே நாள் குஞ்சு. ஒன்றாக இறங்கி, ஒன்றாக வளர்ந்து, ஒன்றாக முட்டையிட்டு, ஒன்றாக லாரி ஏறும். பிறகு ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்படித்து, அடுத்த பேட்ச். வயது கலந்தால் நோய் கலக்கும், தீவனம் தப்பும், பதிவேடு கந்தலாகும். பதினாறு வருடம் அப்படி எழுதிப் பழகிய கை. அணி கைக்கு வந்ததும் இருந்தவர்களைக் கழித்துவிட்டு, இருபது வயதுக்காரர்களாக ஒரே மூச்சில் எடுத்தேன்.

அவர் அன்றைக்கே சொன்னார்: "பூராவும் ஒரே வயசா? எங்க வண்டில இப்புடி ஆளுகள வெச்சா ஒரு மாசம் ஓடாது புள்ள."

"உங்க வண்டிய நீங்க பாருங்க. குஞ்சு எடுக்கறது எனக்குத் தெரியும்" என்றேன். பேட்ச் நன்றாகத்தான் வந்தது. இரண்டு லீக் மேலே ஏறினோம். அப்போது என் தலை கனத்திருந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

கேஸ் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று நான்காம் ஷெட் காலி. இன்று கழுவல். பிளீச்சிங் நெடியில் கண் எரிச்சல்.

காலை பத்தே முக்காலுக்கு ஆட்டத்தின் செய்திப் பெட்டியில் அவர் சனிக்கிழமைக்கான வரிசை போட்டிருந்தார். கோவிந்தன் அதே இடம். சாயங்காலம் ஃபோன் செய்தேன்.

"ஏனுங்க, கோவிந்தன மறுபடியும் போட்டிருக்கறீங்க?"

"நிக்கட்டும்."

"கைவேகம் பதினாறு இருந்தது பன்னெண்டுக்கு வந்துருச்சுங்க. நாளைக்கு இன்னும் எறங்கும்."

"கைவேகந்தான் போச்சு. ஆட்டம் அவனுக்குத் தெரியுமில்ல? பந்து எங்க வரும்னு தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அது நெம்பரத்தான் பாக்கும்."

"உனக்கும் நெம்பர்தான்" என்றார். வைத்துவிட்டார்.

எப்போதும் அவர் முதலில் வைக்க மாட்டார். டவர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கறிவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்ற மறந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பயிற்சிப் பலன், காலை ஆறரை:

கோவிந்தன் – கைவேகம் 12 → 11
மாரி – அடி 15 → 14
பிச்சர் பெரியவன் – எறிவேகம் 13 → 11
மற்றவர்கள் – எழுதப் பிடிக்கவில்லை. எல்லாம் இறக்கம்

பண்ணைக்குப் போனேன். நான்காம் ஷெட்டில் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, ஒரு இறகு இல்லாமல். பார்க்கவே மனம் லேசானது. பண்ணைக்கு வரும் கோழி டாக்டர் தம்பி வாசலில் நின்று, "நாள் கடத்தாமக் கழிச்சது நல்லதாப் போச்சுங்கக்கா, அடுத்த பேட்ச் தெளிவா எறக்கலாம்" என்றது. தம்பி சொன்னது கோழியை.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் ஆறு பேரைக் கழித்தேன். கோவிந்தனையும் சேர்த்து. ஆறு தடவை "உறுதிதானா" என்று கேட்டது. ஆறு தடவையும் ஆமாம். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம், காலியாகவும் விடலாம். ஆறு கட்டத்திலும் ஒரே மாதிரி எழுதினேன்.

புதிதாக ஆறு பேர். இந்த முறை புத்தியாக 18, 20, 22, 23, 24, 25 என்று வயது கலந்து எடுத்தேன். கோவிந்தன் இடத்துக்கு இருபது வயதுப் பையன், கைவேகம் இப்போதே 13. பெயர் இன்னும் வைக்கவில்லை. சின்னவன் என்று கூப்பிடுகிறேன்.

அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். புது ஆட்களை வரிசையில் போட்டுவிடுங்கள் என்று மட்டும் செய்திப் பெட்டியில் எழுதினேன்.

புளிசாதம், முட்டைப் பொரியல். நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

1–9.

அவர் வரிசை போடவே இல்லை. யாரும் போடாவிட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு யாரையாவது நிறுத்தும். பந்து எறிகிற பிச்சரை வெளிமைதானத்தில் நிறுத்தியிருந்தது. சின்னவன் இறங்கவே இல்லை. அவனுக்கு இந்த ஆட்டத்தின் பயிற்சி வீண்.

இப்போது பதினோராம் இடம்.

ஃபோன் செய்தேன். "வேல" என்றார். "வரிசை போடலீங்களே?" "வேலையா இருந்தேன்." "ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?" "இருக்குது." நாற்பது விநாடி. திரையில் காட்டியது.

மூன்று வருடத்தில் வரிசை போடாமல் விட்டது இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் போட்டார். ஒரு பொம்மை ஆட்டக்காரனைக் கழித்ததற்கு இவ்வளவு கோபமா? எனக்கும் கோபம். அணி என்ன அவருடையது மட்டுமா?

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில் இப்போதே சுடுகிறது. ராகி அரைக்க மில்லுக்குப் போனேன். கூட்டம்.

சம்பூரணம் இருந்தாள். அடுத்த தெரு. அவள் வீட்டுக்காரரும் இவரும் ஒரே போர் வண்டி. மாவு வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, மாமனச் சமையலுக்கு உட்டுட்டாங்களாமா? எங்கூட்டுக்காரரு சொன்னாரு."

"என்ன சமையலு?"

அவள் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்கக்கா. பொங்க கழிச்சுப் போனாங்கல்ல, அன்னிக்கே. புது வண்டி வந்திருக்குதாமா, எல்லாம் பட்டன். சின்னப் பையன் ஒருத்தன டிரில்லரா உக்கார வெச்சுட்டாங்களாமா. மாமனுக்குக் கையில ரெண்டு வெரலு மடங்க மாட்டீங்குதில்ல, குழிக்குள்ள எறக்கற ராடு மாத்தறப்ப லேட்டாகுதுன்னு..." நிறுத்தினாள். பிறகு என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி, "காரந்தான் கொஞ்சம் தூக்கலாம். மத்தபடி சாப்புடலாமுங்களாம்" என்றாள்.

எனக்குத் தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை.

ராகித் தூக்கை மில்லிலேயே வைத்துவிட்டு வீடு வரை வந்து, திரும்பிப் போய் எடுத்துவந்தேன்.

இருபத்திரண்டு வருடம் டிரில்லர். பாறை வரும் முன்பே சத்தத்தில் சொல்லிவிடுவார், எத்தனை அடியில் தண்ணீர் என்று. அந்த ஆளைக் கரண்டி பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, எனக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

பண்ணைக்குப் போனேன், வேலை ஓடவில்லை. செய்திப் பெட்டியில் அவர் எழுதியதையெல்லாம் பின்னோக்கிப் படித்தேன்.

டிசம்பர் முழுக்க மத்தியானம் ஒன்றரைக்கு எழுதியிருக்கிறார். சாப்பாட்டு நேரம், வண்டி நிற்கும் நேரம். பொங்கலுக்குப் பிறகு எல்லாச் செய்தியும் பத்தரை, பத்தே முக்கால். அந்த நேரத்தில் ஒரு டிரில்லர் கையில் ஃபோன் இருக்க முடியாது. அது சோறு வடித்துவிட்டுக் குழம்பு கொதிக்கிற நேரம். ஒரு நாளைக்கு எத்தனை முட்டை குறைந்தது என்று கண்டுபிடிக்கிற எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

பிறகு என் பக்கம் போய், வெள்ளிக்கிழமை எழுதியதைப் படித்தேன். அந்தக் காரணக் கட்டம். அதில் எழுதுவது கூட்டாளியின் ஃபோனுக்கும் அப்படியே போகும் என்று அப்போது யோசிக்கவில்லை. பண்ணைப் பதிவேட்டில் எழுதுகிற அதே வார்த்தை:

"கோவிந்தன் – வயது முதிர்வு. உற்பத்தி இல்லை. கழிவு."

இது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிற நேரத்தில்.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கோவிந்தனைத் திரும்ப எடுக்கலாம் என்று பார்த்தேன். கழித்த ஆள் மூன்று நாள் பொதுப் பட்டியலில் இருப்பான். கழித்த அணி எடுக்க முடியாது, மற்ற எவரும் எடுக்கலாம். எடுத்துவிட்டார்கள். கனடாவில் ஒருவர்.

கனடாக்காரருக்குக் கடிதம். ஆங்கிலத்தில். மூன்று முறை அடித்தேன்.
1. ஐயா, தவறுதலாகக் கழித்துவிட்டேன். (பொய். ஆறு தடவை உறுதி என்று அமுக்கியிருக்கிறேன்.)
2. ஐயா, அவன் என் கணவருக்குப் பிடித்த ஆட்டக்காரன். (அவருக்கு என்ன அக்கறை.)
3. ஐயா, அவனை எனக்குத் திரும்பத் தர என்ன வேண்டும்?

மூன்றாவதை அனுப்பினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

3–12.

அவரிடமிருந்து வரிசை வராது என்று தெரிந்து நேற்று நானே போட்டேன். கேட்சர் உட்கார்ந்தே பந்து பிடிக்கிறவன்தானே, ஓட வேண்டியதில்லை, வயதானவன் உட்காரட்டும் என்று மாரியை அங்கே போட்டேன். பதினொரு பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலை சுலபம் என்று யார் எனக்குச் சொன்னது? நாள் முழுக்க உட்கார்ந்துதானே பதிவேடு எழுதுகிறேன்.

சின்னவன் மட்டும் நன்றாக ஆடினான். ஒரு பந்துகூட விடவில்லை.

கனடாக்காரர் பதில்: தருகிறேன், உங்கள் இருபது வயது ஷார்ட்ஸ்டாப்பைத் தந்தால். ஏமாளி இல்லை.

மூடியில்லாத பேனா பையில் கசிந்து துப்பட்டாவெல்லாம் நீலம்.

பிப்ரவரி 11, புதன்

ராத்திரி யோசித்து, காலையில் சம்மதம் என்று அமுக்கினேன். பதினாறு வருடப் பதிவேட்டுக்காரி செய்கிற காரியம் இல்லை. பதிமூன்றைத் தந்து பதினொன்றை வாங்குகிறேன். வாங்குவதும் நாளுக்கு நாள் இறங்குகிற சரக்கு.

ஆனால் ஆள் மாற்றத்துக்குக் கூட்டாளி இருவரும் சம்மதிக்க வேண்டுமாம். கழிப்பதற்கு ஒருவர் போதும். இந்தச் சட்டத்தை எழுதியவனைக் கொண்டுவந்து நிறுத்திக் கேட்க வேண்டும்.

வெள்ளி ஆறரையோடு பேரம் காலாவதி. அவர் ஆட்டத்தைத் திறந்து பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

கேள்வி: எனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்வதா, வேண்டாமா. காட்டினால் மறைத்தது உடையும், கூசிப்போவார். காட்டாவிட்டால் நானும் சேர்ந்து நடிக்க வேண்டும். கோவிந்தன் திரும்பி வந்துவிட்டால் சொல்லாமலே சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. அதற்கு மேல் யோசிக்கத் தைரியமில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

ஒரு மணிக்கு ஃபோனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அது பரிமாறுகிற நேரம். இப்போது தெரியுமே. மூன்று மணிக்கு அடித்தேன்.

எடுத்தவுடன், "கனடாக்காரன் கேட்டதப் பாத்தேன்" என்றார்.

"அப்ப ஒரு அமுக்கு அமுக்குங்க. நாளைக்குக் காலைல ஆறரையோட முடிஞ்சுரும்."

"வேண்டாம்."

"ஏனுங்க?"

"இருவது வயசுப் பையனக் குடுத்துப்போட்டு முப்பத்தி நாலு வயசுக்காரன வாங்கற ஆளா நீயி? ஆரு சொன்னா உனக்கு?"

பதிவேட்டை மூடி வைத்தேன்.

"சம்பூரணமா?"

"ஆமாங்க."

பின்னால் பாத்திரம் இழுபடும் சத்தம். யாரோ ஹிந்தியில் தண்ணீர் கேட்டார்கள். இவர் "இருப்பா" என்றார் தமிழில்.

"கோவிந்தனத் திருப்பி வாங்கீட்டா, எனக்கு ராடு புடிக்கற வேல திரும்பி வந்துருமா புள்ள?"

அழுதேன். பண்ணை ஆபீசில், முட்டை அட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு. "நான் எழுதுனது தப்புங்க. பண்ணை நோட்டுல எழுதற கைப்பழக்கம். உங்களுக்குப் போவும்னு தெரியாது. உங்களப் பத்தித் தெரியவே தெரியாதுங்க."

"எழுதுனது செரிதான். அதான் எனக்கு வலிச்சுது" என்றார். "மொதலாளியும் அதையேதான் சொன்னாரு, கொஞ்சம் நாசூக்கா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லோணும்னுதான் தெனமும் ஃபோன எடுத்தேன். டிரில்லருன்னு சொல்லித்தான் உன்னப் பொண்ணு கேட்டு வந்தோம். இப்ப அரிசி களையறேன்னு எப்புடிச் சொல்றது? வாயே வரல. பேஸ்பால்னா பேச வந்துச்சு."

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றேன். "வெக்கமில்லீன்னு நீ சொல்லாத. எனக்கு இருக்குது" என்றார். சரி என்றேன்.

இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"புள்ள, பதினோரு பேருக்குப் புளி எவ்வளவு கரைக்கோணும்? நாலு வாரமா ஒரு நா மாதிரி ஒரு நா வரமாட்டீங்குது."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், எழுதுகிற சத்தம் கேட்டது. நானும் இங்கே குறித்துவைக்கிறேன், திரும்பக் கேட்டால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது:
– புளி: பெரிய எலுமிச்சை அளவு மூன்று. சுடுதண்ணீரில் ஊறட்டும்
– துவரம்பருப்பு: டம்ளர் நான்கு. மஞ்சள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வேகவைக்க
– சாம்பார்த் தூள்: குழிக்கரண்டி இரண்டு, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்
– உப்பு: கடைசியில். பாதி போட்டு, ருசி பார்த்து, மீதி

கனடாக்காரர் பேரத்தை அவர் நிராகரித்துவிட்டார். சாயங்காலம் திரையில் வந்தது. அதிலும் காரணக் கட்டம் உண்டு. காலியாக விட்டிருந்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

பயிற்சிப் பலன்: சின்னவன் கைவேகம் 13 → 14. செவ்வாய்க்கிழமை நான் இறக்கியதால் அவனுக்காவது ஏறியது. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

அரை நாள் லீவு. பஸ் பிடித்துச் சேலம், செவ்வாய்ப்பேட்டை. ஆட்டோவுக்கும் மூட்டைக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து நடந்து வாங்கியது: நீட்டு மிளகாய், கொத்தமல்லி விதை, கட்டிப் பெருங்காயம், வெந்தயம், கடுகு. கடைக்காரர், "விசேசமுங்களா, இத்தன வாங்கறீங்க?" என்றார். "எங்கூட்டுக்காரரு பதினோரு பேருக்குச் சமைக்கறாருங்க" என்றேன். வெளியே ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். வாய் வந்தது.

வறுத்து அரைத்துத் தூள் மூன்று கிலோ. நாளை மறுநாள் அவர்கள் வண்டிக்கு உதிரி சாமான் ஏற்றிக்கொண்டு லாரி போகிறதாம். சம்பூரணத்திடம் கொடுத்தேன். அவள் மில்லில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். நல்லவேளை சொன்னாய் என்றேன்.

காலை பத்து நாற்பதுக்கு அவர் சனிக்கிழமைக்கு வரிசை போட்டிருக்கிறார். ஆறு புதுப் பையன்களும் உள்ளே. மாரியைக் கேட்சர் இடத்திலிருந்து எடுத்துவிட்டு, அடியில்: "இவன அங்க உக்கார வெச்சது ஆரு?"

பிப்ரவரி 14, சனி

வென்றோம். 6–5. கடைசி அடி பதினெட்டு வயதுப் பையன்.

பிரயோசனமில்லை. எங்களுக்கு மேலே இருந்த அணியும் வென்றுவிட்டது. பதினோராம் இடம். கீழ் லீக்.

இரண்டு லீக் ஏறிய அணி. நான் எடுத்த பேட்ச், நான் கெடுத்த பேட்ச். வருத்தம்தான். பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன், பேஸ்டை விழுங்கிவிட்டேன்.

அவர் எழுதியது: "போவட்டும். கீழ போனாப் பசங்களுக்கு நல்லா ஆட்டம் கெடைக்கும். சின்னவனுக்குப் பேரு வெச்சயா?"

இல்லை. அவரையே வைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மறுபடியும் பனி, ஆனால் மெல்லியது. நான்காம் ஷெட்டுக்குப் புதுக் குஞ்சு. ஒரே நாள் குஞ்சு, ஒரே எடை. எண்ணிக்கை எழுதினேன். பண்ணைக்கு அதுதான் சரி.

அணிக்கு: நாளை தொடங்குகிற புது சீசனில் யாரையும் கழிப்பதில்லை. மீதி இருக்கிற வயதானவர்கள் மூவரும் இருக்கட்டும். கழிப்பதானால் இரண்டு பேரும் பேசிய பிறகு. காரணக் கட்டத்தில் நான் இனி எதுவும் எழுதுவதாக இல்லை.

பத்து ஐம்பது. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்த சத்தம். நாளைக்கான வரிசை, ஒன்பது பேர். அதற்குக் கீழே:

"சாம்பார்ல உப்பு தூக்கிருச்சு. பன்னெண்டரைக்கு ஆளுக வந்துருவாங்க. என்ன பண்றது?"

ஷெட்டை விட்டு ஓடி வந்து அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"உருளக்கெழங்கு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அஞ்சாறு எடுத்துத் தோலச் சீவி, பெருசா வெட்டி உள்ள போடுங்க. ஒரு டம்ளர் தண்ணி ஊத்திக் கொதிக்க உடுங்க."

"நேரமாவுமே."

"ஆவட்டும். கொதிச்சதும் ருசி பாத்துச் சொல்லுங்க. நான் ஃபோன வெக்காம இருக்கறேன்."